நீல வயரின் மறுமுனை

எங்கள் கம்பெனியின் குன்னூர் ஆபீஸில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. ஆபீஸிலுள்ள அத்தனை கம்ப்யூட்டர் வயர்களும் அங்கேதான் வந்து சேரும். அதன் கதவைத் திறந்தால் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். ‘தொங்குகிற முனையை எதிலும் சொருகாதே. மூடி போடு. – மருதாசலம்.’ கையெழுத்து என்னுடையது. பெயரும் என்னுடையதுதான்.

போன மாதம் ஆபீஸைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அப்போது புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள் இந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு காலத்தில் எழுதிய அதே நெட்வொர்க்கிங் அடிப்படைச் சான்றிதழ் தேர்வுக்குத்தான் அவர்களும் படிக்கிறார்கள். அவர்களில் நித்யா என்ற சோலூர்ப் பெண் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க ஐயா, அந்த மருதாசலம் நீங்கதானுங்களா? பெரிய இன்ஜினியருங்களா?”

“பத்தாங்கிளாஸ் பாஸும்மா.”

“அப்புறம் எப்படிங்க ரூல் போட்டீங்க?”

“ரூல மீறுனவனத்தான் எழுதச் சொன்னாங்க.”

சிரித்தாள். அந்தக் கதையை எழுதிக் கொடுத்தால் எல்லோரும் படிப்போம் என்றாள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் இப்படிக் கேட்டால் வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். அன்று மாலையே நோட்டைத் திறந்துவிட்டேன்.

அரவேணுப் பக்கத்து எஸ்டேட்டில் நான் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன். எஸ்டேட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் இருந்தது. பங்களா, பாக்டரி, ஆஸ்பத்திரி, டிவிஷன் ஆபீஸ்கள் எல்லாவற்றுக்கும் கம்பம் நட்டு வயர் இழுத்து, அறுந்தால் ஒட்டுவது என் வேலை. காட்டெருமை முதுகு சொறிந்து கம்பத்தைச் சாய்க்கும். குரங்கு ஊஞ்சலாடும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எங்கள் உண்மையான எதிரி பனிமூட்டம்தான். வயரின் முனை ஒன்று திறந்து கிடந்தால் போதும், ஒரே வாரத்தில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அப்புறம் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த முனையையும் தொங்கவிடக் கூடாது. உபயோகத்தில் இல்லாத வயராக இருந்தாலும், பெட்டியில் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு திருகாணியில் அதைக் கட்டிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்படிக் கட்டியே என் கை பழகிவிட்டது. தொங்குகிற முனையைப் பார்த்தால், மூளையைக் கேட்காமலே கை அங்கே போய்விடும்.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டார்கள். இனி ஆபீஸ், பாக்டரி எல்லாம் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில்தான் ஓடும் என்றார்கள். லைன்மேன் தேவையில்லை. ஜெனரல் மேனேஜர், நாங்கள் ஜி.எம். என்போம், என்னைக் குன்னூருக்குக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஒரு வருடத்துக்குள் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வில் பாஸ் பண்ணினால் நெட்வொர்க் டெக்னீஷியன் வேலை. இல்லாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வருடத்தில் என் பெயரில் ஒரு புகார் வந்தாலும் அப்போதே பைலை மூடிவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார்.

வேலை போனால் எஸ்டேட் குவார்ட்டர்ஸும் போய்விடும். எனக்கும் என் மனைவி சரஸ்வதிக்கும் அந்த இரண்டு அறையைத் தவிர வேறு வீடு கிடையாது. அவள் பாக்டரியில் டீத்தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தாள். ஆனால் வீடு என் பெயரில், என் வேலைக்குக் கொடுத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பாக்டரியில் சிலர் என் காதுபடவே பேசினார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வளைத்துக் காட்டுகிறேன் என்று அங்கேயே கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் பயமாக இருந்தது.

அந்த வருடம் குன்னூர் ஆபீஸில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் ஹசீனா மேடம். ஊட்டி பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நான் செய்கிற வேலையில் ஒருநாளும் கை வைக்க மாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, “எந்தப் படியிலண்ணா தப்பு?” என்று மட்டும் கேட்பார். நெட்வொர்க்கை ஏழு படியாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் படி வயர், கடைசிப் படி திரையில் தெரிகிற புரோகிராம். கீழிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்து மேலே வர வேண்டும். ஆபீஸில் யாராவது ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்’ என்று சொன்னால் மேடத்தின் முகம் மாறிவிடும். “சரியாயிரும். ஏன் கெட்டுச்சுன்னு தெரியாமயே சரியாயிரும். நாளைக்கு மறுபடி கெடும்,” என்பார்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடப்புத்தகம் ஒரு கோடு போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் ‘பார்த்தது’ என்றும் வலது பக்கம் ‘நினைத்தது’ என்றும் எழுதச் சொன்னார். பழுது பார்க்கிறவர் அன்றன்றைக்கு அதை நிரப்ப வேண்டும். ‘வயர் அறுந்திருக்கிறது’ என்று நான் இடது பக்கம் எழுதினால், “அறுந்ததக் கண்ணுல பாத்தீங்களாண்ணா?” என்பார். இல்லை, விளக்கு எரியவில்லை என்பதைத்தான் பார்த்தேன். அப்படியானால் ‘விளக்கு எரியவில்லை’ இடது பக்கம், ‘வயர் அறுந்திருக்கலாம்’ வலது பக்கம். முதல் மாதம் என் நோட்டு முழுக்க அம்புக்குறிதான், இடமிருந்து வலத்துக்கு. தினமும் சாயங்காலம் அதைப் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயர் வேலையில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படவில்லை. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டு இழைகளை வரிசையாக வைத்துக் கவ்வி அழுத்துவதில் பட்டம் வாங்கினவர்கள் எனக்குப் பின்னால்தான் நின்றார்கள். கம்ப்யூட்டர்களின் முகவரிக் கணக்கில்தான் முழி பிதுங்கியது. நாலு எண், நடுவில் புள்ளிகள், அதில் எதுவரை ஊர், எதுவரை வீடு? மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, இது நம் எஸ்டேட் முகவரிதானே என்று ஒருநாள் பஸ்ஸில் தோன்றியது. எஸ்டேட், டிவிஷன், லயம் என்கிற வரிசைவீடு, வீட்டு நம்பர். தபால்காரர் டிவிஷன் வரைக்கும் பார்த்துப் பையைப் பிரிப்பார், வீட்டு நம்பரை அந்த டிவிஷன் ஆள் பார்த்துக்கொள்வான். எங்கே பிரிப்பது என்று சொல்கிற எண்ணுக்குத்தான் சப்நெட் மாஸ்க் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேச ஆரம்பிக்கும் முன் மூன்று தடவை கைகுலுக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அதையும் நான் கம்பத்து உச்சியில் செய்திருக்கிறேன். ‘கேக்குதுங்களா?’ ‘கேக்குது, உங்களுக்குக் கேக்குதுங்களா?’ ‘கேக்குது, பேசுங்க.’ அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் சரஸ்வதி அரிசி களைந்துகொண்டே கேள்வி கேட்பாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, எண் தெரியும். “இருவத்தி ரெண்டு?” என்பாள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண் எதற்கு என்று நான் சொல்ல வேண்டும். நான் திணறினால், சரியா தப்பா என்று தெரியாமலே, “தப்புங்க, இன்னொருக்கா சொல்லுங்க,” என்பாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. நல்ல சந்தர்ப்பம், எல்லாம் அணைந்திருக்கும்போது அலமாரியைத் தூசி தட்டுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். தனியாகப் போய்த் துடைத்தேன். உள்ளே ஸ்விட்ச் இருந்தது. நெட்வொர்க்கில் ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடும் பொத்தான் கிடையாது. இருபத்துநாலு துளைகள் உள்ள தட்டையான பெட்டி. ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்ப்யூட்டரின் வயர். துளைக்கு மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு.

அதில் ஒரு நீல வயர் இருந்தது. ஒரு முனை ஸ்விட்சில், மறுமுனை அலமாரிக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் போஜன் விட்டுவிட்டுப் போனது. போஜன் கோத்தகிரிப் பக்கத்துப் படகர், காண்ட்ராக்டில் கேபிள் போடுகிறவர். அவரும் அவருடைய மச்சானுமாக வேலை செய்வார்கள். அடுத்த வாரம் மீட்டிங் ரூமுக்கு இணைப்புக் கொடுக்க வசதியாக அந்த வயரைத் தயாராக வைத்திருந்தார். எங்கள் நாலு பாக்டரிகளுக்கும் கேபிள் போடும் வேலை அவருக்குத்தான் வருவதாக இருந்தது. அவர் தொழில் ஆரம்பித்ததிலிருந்து கிடைத்த முதல் பெரிய வேலை.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். முனை திறந்து கிடக்கிறது. ஸ்விட்சில் துளைகள் காலியாக இருக்கின்றன. என் கை வழக்கப்படி போய், தொங்கிய முனையைக் காலித் துளை ஒன்றில் ‘டக்’கென்று சொருகிவிட்டது. கரண்ட் இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் இடது பக்கம், ‘நீல வயரின் தொங்கிய முனையை ஈரம் படாமல் மூடினேன்’ என்று பெருமையாக எழுதிவைத்துவிட்டு, ஊட்டி வறுக்கியும் டீயும் சாப்பிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் தேயிலை ஏலம். ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கும். எங்கள் தூளுக்கு யார் என்ன கேட்கிறார்கள் என்று திரையில் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று தரகருக்குச் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் எல்லாவற்றையும் ஆன் பண்ணினார்கள். ஒரு திரையிலும் ஒன்றும் வரவில்லை. ஹசீனா மேடம் அன்று காலையில் எஸ்டேட் பாக்டரியில் இருந்தார். போனில் கூப்பிட்டேன்.

“நீங்களே பாருங்கண்ணா. கீழ இருந்து வாங்க,” என்றார்.

கீழிருந்து வந்தேன். வயர்கள் நன்றாக இருந்தன. கம்ப்யூட்டர் பக்கம் விளக்குகள் எரிந்தன. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து தன்னைத்தானே கூப்பிட்டால் பதில் வந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் வரவில்லை. ஜி.எம். இரண்டு தடவை அறை வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அலமாரியைத் திறந்தேன். சாதாரணமாக அந்தப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் அதனதன் போக்கில் மினுக்கும். அன்று எல்லா விளக்கும் ஒன்றாக, ஒரே வேகத்தில், வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வயராக உருவி, விளக்கைப் பார்த்து, திரும்பச் சொருகிக்கொண்டே வந்தேன். பதினேழாவதாக நீல வயரை உருவினேன். விளக்குகள் அமைதியாகிவிட்டன. பின்னால் ஹாலில், “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று சத்தம் கேட்டது.

நீல வயரின் மறுமுனை அதே ஸ்விட்சில் இருந்தது. அதைச் சொருகிய கை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

படித்திருந்தேன், அதுதான் கொடுமை. ஒரு கம்ப்யூட்டர், ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி அனுப்பும். ஸ்விட்ச் அதை எல்லாத் துளை வழியாகவும் வெளியே அனுப்பும். நீல வயரின் ஒரு முனையில் வெளியே போன கேள்வி, மறுமுனை வழியாக அதே ஸ்விட்சுக்குத் திரும்பி வரும். ஸ்விட்ச் அதைப் புதுக் கேள்வி என்று எண்ணி மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். இப்படி ஒரே கேள்வி சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு யாரும் வாய் திறக்க இடமில்லாமல் போய்விடும். இதைத் தடுக்கிற வசதியுள்ள ஸ்விட்சுகள் உண்டு. எங்களுடையது அந்த ரகம் இல்லை. தொழில் சுத்தமாகச் செய்கிறேன் என்று நான் பிள்ளையார் பிடிக்கப் போய், அது குரங்காகிவிட்டது.

ஏலத்தில் எங்கள் டீத்தூளில் இரண்டு தொகுதிகள் அதற்குள் விலை போகாமல் திரும்பியிருந்தன. ஜி.எம். வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது என் கையிலிருந்த நீல வயர்.

“இந்த வயர யாரு போட்டது? போன வாரம் வந்த காண்ட்ராக்ட் ஆளுகதான?”

“வயரு... அவங்க போட்டதுதானுங்க சார்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் பொய். ஜி.எம். அங்கேயே நின்று போஜனைப் போனில் கூப்பிட்டு, நாலு பாக்டரி வேலையும் கிடையாது, கடிதம் வரும் என்று சொல்லிவிட்டார். என் முதுகைத் தட்டி, “பரவால்ல, கண்டுபிடிச்சுட்டீங்க,” என்றும் சொன்னார். அந்தத் தட்டு இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. நோட்டில் இடது பக்கம், ‘நீல வயரை எடுத்ததும் சரியாகிவிட்டது’ என்று எழுதினேன். வலது பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் போஜன் நின்றிருந்தார். காலடியில் இரண்டு கேபிள் சுருள்.

“ஏனுங்ணா, எனக்கு ஒண்ணும் புரியலீங்ணா. நான் ஒரு முனையத் தொங்கத்தான் விட்டேன். ரெண்டு முனையையும் ஒண்ணுலயே சொருக எனக்கென்ன கிறுக்கா?”

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

“என்ற மச்சான்தான் தெரியாம சொருகியிருப்பான். அவன வாய்க்கு வந்தபடி திட்டிப்போட்டேனுங்ணா. இல்லவே இல்லைன்னு சாதிக்கறான். இனி உன்ற கூட வேலைக்கே வரமாட்டேன்னு போயிட்டான்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்று அரவேணு வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் சரஸ்வதி அரிசியோடு உட்கார்ந்து, “அம்பத்தி மூணு?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. “எண்பது?” என்றாள். அதற்கும் சொல்லவில்லை. அரிசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“உங்கள யாராச்சும் கேட்டாங்களா?” என்றாள்.

“இல்ல.”

“கேட்டாத்தான சொல்லோணும்? பத்து நாள் பொறுங்க. பரிச்ச முடியட்டும். ஊடு போச்சுன்னா எங்கீங்க போறது?”

அவள் சொன்னது நான் நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதனால் எனக்குக் கோபம் வந்தது. உலை கொதித்தது, அரிசி போட்டாள், மூடி வைத்தாள்.

“அந்த மச்சானுக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களா?” என்றாள்.

“தெரியல.”

“இருந்தாலும் இல்லாட்டியும்... செய்யாததுக்குத் திட்டு வாங்கறது இருக்குது பாருங்க.” கரண்டியால் அடுப்பு மேடையை ஒரு தட்டுத் தட்டினாள். “காலைல முதல் பஸ்ஸுக்கு எழுப்பி உடறேன். போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. ஊடு போனா போகட்டும்.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், மேடம் வரும் முன்பே ஆபீஸ் வாசலில் நின்றேன். அவர் வந்து கதவைத் திறந்ததும் உள்ளே போய்ச் சொன்னேன்.

“அந்த வயரச் சொருகுனது நானுங்க மேடம். போஜன் இல்லீங்க.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எந்தப் படியிலண்ணா தப்பு?”

“முதல் படிங்க மேடம். வயரு.”

“வயரு நல்லா இருந்துச்சே. யோசிச்சுச் சொல்லுங்க.”

வேலை போகிற நேரத்தில், நின்றபடி யோசித்தேன். “ரெண்டாவது படிங்க. ஸ்விட்ச் யாருக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ற இடம்.”

“ஏன் சொருகுனீங்க?”

பனி, களிம்பு, காலித் திருகாணி, இருபது வருடத்துப் பழக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், “வாங்க, ஜி.எம். சார்ட்ட போலாம்,” என்றார்.

ஜி.எம். முகம் சிவந்துவிட்டது. நான் பொய் சொன்னதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. அது நியாயம்தான். பைலை எடுத்துவரச் சொன்னார். அப்போது மேடம் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

“சார், இந்த மலையில இனி இந்தத் தப்ப நிச்சயமாப் பண்ணாத ஆள் இவருதான். இவர அனுப்பிட்டு வேற ஒருத்தர எடுத்தா, அவரு முதல்ல இருந்து பண்ணுவாரு. ஏன் சொருகுனாருன்னு கேளுங்க சார். பழைய லைன்மேன் யாரா இருந்தாலும் சொருகியிருப்பாங்க. அதுவும் நமக்கு இன்னைக்குத்தான் தெரியுது.”

ஜி.எம். வந்த பைலை ஓரமாக நகர்த்தினார். பிறகு வரிசையாகச் சொன்னார். ஆபீஸ் ஆட்கள் எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததை நானே விளக்க வேண்டும். அதிலிருந்து ஒரு ரூல் எழுதி, என் பெயரைப் போட்டு, அலமாரியில் ஒட்ட வேண்டும். போஜனை நானே கூப்பிட்டுப் பேசி, நாலு பாக்டரி வேலையும் அவருக்கேதான் என்று சொல்ல வேண்டும். தேர்வில் முதல் தடவையே பாஸ் ஆக வேண்டும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

போஜனுக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன்.

“ஏனுங்ணா, நேத்து பஸ் ஸ்டாண்டுலயே சொல்லியிருக்கலாமுல்ல?” என்றார்.

“சொல்லியிருக்கோணுமுங்க. தைரியம் வரல.”

“என்ற மச்சான் நம்பர் தர்றேன். அவன்கிட்டயும் இத அப்படியே சொல்லுங்ணா. நான் சொன்னா எடுக்க மாட்டான்.”

மச்சானிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வந்து மீட்டிங் ரூம் இணைப்பை முடித்தார்கள். வரும்போது போஜன் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். உள்ளே வயர் முனைக்குப் போடுகிற ரப்பர் மூடிகள். “ஈரம் படக் கூடாதுன்னு நீங்க நெனச்சது சரிதானுங்ணா. இத மாட்டியிருந்தா முடிஞ்சுது. நானும் மாட்டாமத்தான் போனேன்,” என்றார்.

பிறகு கோயமுத்தூர்த் தேர்வு. ஸ்வெட்டரோடு பஸ் இறங்கி, வேர்த்து விறுவிறுத்துப் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். முப்பதாவது கேள்வியோ என்னவோ, ஒரு படம் வந்தது. இரண்டு ஸ்விட்சுகள், நடுவில் இரண்டு வயர்கள், என்ன நடக்கும் என்று கேட்டிருந்தார்கள். என் நீல வயரின் கதையேதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் எழுந்தே வந்து என் திரையைப் பார்த்துவிட்டுப் போனார். முடித்த உடனே திரையில் பாஸ் என்று வந்தது. வெளியே வந்து சரஸ்வதியைக் கூப்பிட்டு, ஊடு நம்மகிட்டயேதான் இருக்கும் என்றேன்.

“சரிங்க,” என்றாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. “காந்திபுரத்துல இறங்குனா குக்கருக்கு ரப்பர் வாங்கியாங்க. போனவாட்டி சொன்னதுக்கு மறந்துட்டீங்க.”

அதற்குப் பிறகு பதினோரு வருடம் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கையில் சேர்ந்ததை வைத்து அரவேணுவிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம்.

இதுவரை எழுதிவிட்டு, விவரங்கள் சரியா என்று பார்க்கலாமே என்று ஹசீனா மேடத்தைக் கூப்பிட்டேன். ஆபீஸ் மாற்றும்போது பழைய நோட்டுகள் கிடைத்தனவா என்று கேட்டேன். அவர் இப்போது அங்கே பெரிய அதிகாரி. அந்தச் சமயத்து நோட்டு தன்னிடம்தான் இருக்கிறது, அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன் என்றார். பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். இடது பக்கம் என் எழுத்து: ‘நீல வயரின் தொங்கிய முனையை ஈரம் படாமல் மூடினேன்.’ நான் காலியாக விட்ட வலது பக்கத்தில் பச்சை மையில் அவர் எழுத்து இருந்தது. நான் அதுவரை பார்க்காதது.

‘நினைத்தது: அண்ணா தானே வந்து சொல்வார். நாளை வரை போஜனுக்குக் கடிதம் அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறேன்.’

அதற்குக் கீழே, இடது பக்கம், இன்னொரு வரி.

‘பார்த்தது: வந்தார். காலை எட்டேகால்.’

பதினாலு வருடம் எனக்கு இது தெரியாது. என் ஞாயிற்றுக்கிழமை வரியைப் படித்ததுமே, திங்கட்கிழமை சாயங்காலமே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்து, சரஸ்வதியிடம் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“எட்டேகாலா? நான் ஆறு மணி பஸ்ஸுக்கு உங்களக் கிளப்பி உட்டேனே. ஏழு மணிக்கெல்லாம் போயிருக்கோணுமே?”

அதனால் மேலே எழுதியதில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து, மேடம் வரும் முன்பே போய் நின்றேன் என்று எழுதியிருந்தேன். பதினாலு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அது வலது பக்கத்தில் போக வேண்டியது. இடது பக்கம் இது: அரவேணு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். முதல் பஸ் போயிற்று, ஏறவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போயிற்று. மூன்றாவதில் ஏறினேன்.